காவல் யாருக்குப் பதில் சொல்கிறது?

ஆஸ்பத்திரி, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன் ஆகிய மூன்றின் வாசற்படியையும் மிதிக்காமல் வாழ்ந்துவிட வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவுக்கு வந்த பிறகு முதல் படியைக் காப்பீட்டு அட்டையோடு மிதிக்கப் பழகிக்கொண்டோம். குடியுரிமை பெற்றவர்கள் ஜூரி அழைப்பு வந்ததும் இரண்டாம் படியையும் ஏறிவிட்டார்கள். மூன்றாவது படிதான் மிச்சம். பதினைந்து வருடமாக ஒரே ஊரில் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவர்களில்கூடப் பலருக்குத் தங்கள் ஊர்க் காவல் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது.

அமெரிக்காவின் பல நகரங்களிலும் கவுண்டிகளிலும் ‘சிட்டிசன்ஸ் போலீஸ் அகாடமி’ என்ற பெயரில் ஒரு வகுப்பு நடக்கிறது. கட்டணம் பெரும்பாலும் கிடையாது. வாரம் ஒரு மாலை, இரண்டு மூன்று மணி நேரம், பத்துப் பன்னிரண்டு வாரங்கள். விண்ணப்பித்தால் நம் பின்னணியைச் சரிபார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். ரோந்து, வாகனச் சோதனை, 911 அழைப்பு மையம், கைரேகை எடுப்பது, போதைப்பொருள் விசாரணை, மோப்ப நாய், பலப் பிரயோகச் சட்டம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பாடம். ஓர் இரவு ரோந்துக் காரில் உடன் போகலாம். கடைசி வாரம் சான்றிதழும் கேக்கும் உண்டு. என் ஊரில் நடந்த வகுப்பில் நானும் சேர்ந்து படித்தேன். சேர்ந்தவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். மூன்று நான்கு பேர் காவல் வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர்கள். தெற்காசிய முகம் என்னுடையது மட்டும்.

அதிகாரிகள் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஆனால் இந்த வகுப்பே ஏன் தோன்றியது என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. எந்த நாட்டிலும் காவல் துறை தன்னை விளக்கிக்கொள்ள மக்களை வீட்டுக்கு அழைக்கிறது என்றால், அதற்கு முன்னால் எங்கோ நம்பிக்கை முறிந்திருக்கிறது என்று பொருள். அந்த முறிவின் கதையில் லண்டனும் டிட்ராய்ட்டும் மட்டுமல்ல, மதராஸும் யாழ்ப்பாணமும் வருகின்றன.

லண்டனுக்கு ஒன்று, அயர்லாந்துக்கு ஒன்று

முதல் நாள் வகுப்பில் பெரும்பாலும் காட்டப்படும் படம் சர் ராபர்ட் பீலுடையது. 1829இல் லண்டன் மாநகரக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறைச் செயலர். அவர் படத்துக்குக் கீழே ஒன்பது கொள்கைகள் பட்டியலிடப்பட்டிருக்கும். காவலரும் மக்களும் வேறு வேறு அல்லர், மக்களின் இசைவே காவலின் பலம் என்பது அவற்றின் சாரம். இந்தப் பட்டியலைப் பீல் எழுதவில்லை என்பதை வரலாற்றாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1829இல் காவலர்களுக்கான அறிவுரைகளை வகுத்தவர்கள் முதல் ஆணையர்களான சார்லஸ் ரோவனும் ரிச்சர்டு மெய்னும். ஒன்பது கொள்கைகளாக அவற்றைத் திரட்டி வடிவம் கொடுத்தவர் இருபதாம் நூற்றாண்டில் காவல் வரலாறு எழுதிய சார்லஸ் ரீத்.

லண்டன் மக்கள் புதிய காவலை வரவேற்கவும் இல்லை. இராணுவம் தெருவுக்கு வந்துவிட்டது என்றே அஞ்சினார்கள். அந்த அச்சத்தைத் தணிக்கத்தான் சிவப்புச் சீருடைக்குப் பதில் நீலச் சீருடை, துப்பாக்கிக்குப் பதில் மரத்தடி. அப்படியும் 1833இல் கோல்டு பாத் ஃபீல்ட்ஸ் கூட்டத்தைக் கலைக்கும்போது ஒரு காவலர் குத்திக் கொல்லப்பட, மரண விசாரணை ஜூரி அதை நியாயமான கொலை என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு அந்தத் தீர்ப்பு ரத்தானது வேறு விஷயம். இசைவு என்பது பீல் மேசையில் எழுதிப் பெற்ற பொருளன்று. பல பத்தாண்டுகள் பேரம் பேசிப் பெற்றது.

பீலுக்கு இன்னொரு முகமும் உண்டு. லண்டனுக்கு வருவதற்கு முன் 1812 முதல் 1818 வரை அவர் அயர்லாந்தின் தலைமைச் செயலர். அங்கே 1814இல் அவர் உருவாக்கிய அமைதி காப்புப் படையிலிருந்து வளர்ந்ததுதான் ஐரிஷ் கான்ஸ்டாபுலரி. அதன் ஆட்கள் ஆயுதம் ஏந்தியவர்கள். முகாம்களில் தங்கியவர்கள். சொந்த ஊரில் பணியமர்த்தப்படாதவர்கள். டப்ளினில் இருந்த அரசுக்கு மட்டும் பதில் சொன்னவர்கள். தன் குடிமக்களுக்கு ஒரு காவல், அடக்கி வைக்க வேண்டிய மக்களுக்கு வேறொரு காவல் என்று பிரிட்டன் இரண்டு அச்சுகளை வார்த்தது. 1843இல் சிந்து மாகாணத்தைக் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் அங்கே காவல் படை அமைக்கும்போது எடுத்துக்கொண்டது இரண்டாவது அச்சை. பிரிட்டிஷ் இந்தியாவின் பிற பகுதிகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

கிட்டியும் அண்ணாந்தாளும்

மதராஸ் மாகாணத்தில் அதற்கு முன்பு இருந்தது வேறு வகைக் காவல். ஊருக்குத் தலையாரி, பாளையத்துக்குக் காவல்காரர். பொருள் திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும் என்பது மரபு. துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருடியவரே பொருளைத் திருப்பித் தரும் ஏற்பாடாகவும் அது பல இடங்களில் சீரழிந்திருந்தது. அதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. கம்பெனி ஆட்சி அந்த முறையைக் கலைத்துவிட்டு, வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே காவல் அதிகாரத்தையும் கொடுத்தது. வரி பாக்கி வைத்த உழவனும் திருடனும் ஒரே சேவகனின் கையில் சிக்கினார்கள்.

1854இல் இது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்தது. மதராஸில் வரி வசூலுக்காக மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட ஆணையம் அமைந்தது. மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறையிட்டார்கள். நடந்துபோக முடிந்தவர்கள் நடந்தே மதராஸுக்கு வந்தார்கள். 1855இல் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அந்த ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் விரலையும் கயிற்றாலோ உடுத்திய துணியாலோ பிணைத்து, குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. பின்னது திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனையின் பெயரும்கூட. அறிக்கையைப் படிக்கும் தமிழருக்கு அந்த இரண்டு சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

வரி வசூலையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 1859இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1857 எழுச்சியின் நிழலில், அகில இந்தியக் காவல் சட்டம் வந்தது. தாசில்தாரின் கையிலிருந்து காவல் விடுபட்டது. ஆனால் மக்களின் பக்கம் வரவில்லை. காவலர் கண்காணிப்பாளருக்கும், அவர் மாகாண இன்ஸ்பெக்டர் ஜெனரலுக்கும், அவர் அரசுக்கும் பதில் சொல்லும் செங்குத்தான படிக்கட்டு எழுந்தது. ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ அந்தப் படிக்கட்டில் இடம் இல்லை. இன்றும் இல்லை.

அந்தக் காவலை அதை உருவாக்கியவர்களே நம்பவில்லை என்பதற்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்றது. அமெரிக்காவில் 1966இல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி வேறு: உரிமைகளை எடுத்துச் சொல்லிவிட்டால் காவலரிடம் பேசியது செல்லும். வகுப்பில் மிராண்டா எச்சரிக்கை பற்றிய பாடம் வந்தபோது இந்தப் பிரிவைப் பற்றிச் சொன்னேன். பாடம் எடுத்த துப்பறியும் அதிகாரி நம்ப முடியாமல் இரண்டு முறை கேட்டார். அப்படியானால் உங்கள் ஊரில் எப்படி வழக்கை முடிப்பார்கள் என்றார். சட்டப் புத்தகத்தில் இருந்த அந்தப் பூட்டு கதவுக்கு உள்ளே நடப்பதைத் தடுக்கவில்லை என்பது சாத்தான்குளம் வரை நமக்குத் தெரியும்.

இலங்கையின் கதையும் இதே வேரிலிருந்து கிளைக்கிறது. 1865ஆம் ஆண்டின் காவல் கட்டளைச் சட்டம், அடுத்த ஆண்டில் அந்தப் படையை நடத்த வந்த ஜி. டபிள்யூ. ஆர். கேம்பல், அவர் அதற்கு முன் பணியாற்றிய இந்தியாவின் ரத்தினகிரி என்று தொடர்பு நேரடியானது. இலங்கைச் சாட்சியச் சட்டத்திலும் அதே 25ஆம் பிரிவு இருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்று சொல்லி அந்தப் பூட்டைக் கழற்றியது. எத்தனையோ தமிழ் இளைஞர்கள் சிறைக்குப் போனது அந்த ஒரு விதியின் வழியாக. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1981 ஜூன் முதல் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. தேர்தல் பாதுகாப்புக்கென்று வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட காவலர்கள் அன்று ஊரில் இருந்தார்கள். எரித்தவர்களில் அவர்கள் இருந்தார்கள். ஸ்கார்பரோவிலோ லூயிஷாமிலோ வாழும் ஒரு யாழ்ப்பாணத்துத் தாத்தா காவல் நிலைய வாசலில் தயங்கி நின்றால், அது அறியாமையால் வந்த தயக்கமன்று.

ஷெரிஃப், அடிமை ரோந்து, ரோந்துக் கார்

அமெரிக்கக் காவல் வேறு திசையில் வளர்ந்தது. ஷெரிஃப் என்ற சொல் பழைய இங்கிலாந்தில் ஷயர் எனப்பட்ட மாவட்டத்தின் அரச அலுவலரைக் குறித்தது. கடல் தாண்டி வந்ததும் அது பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியாயிற்று. 1838இல் பாஸ்டனும் 1845இல் நியூயார்க்கும் லண்டனைப் பார்த்துக் காவல் படை அமைத்தன. ஆனால் அவை நகராட்சியின் கீழ் இருந்தன. இன்று இந்த நாட்டில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் உண்டு. உள்ளூர்க் காவல் துறைகளில் ஏறக்குறைய பாதியில் முழுநேர அதிகாரிகள் பத்துப் பேர்கூட இல்லை. சென்னையிலிருந்து ஒரு உத்தரவு போனால் கன்னியாகுமரியில் ஏட்டு எழுந்து நிற்பார். இங்கே வாஷிங்டனிலிருந்து உத்தரவு போட்டு ஊர்க் காவலரை அசைக்க முடியாது. அவருக்குச் சம்பளத்தை ஒதுக்குவது நகர மன்றம், தலைவரை நியமிப்பது மேயரோ நகர மேலாளரோ.

ஊருக்குப் பதில் சொல்லும் காவல் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஊர் என்றால் யார் என்பதில்தான் சிக்கல். தென் மாநிலங்களில் காவலின் வேர்களில் ஒன்று அடிமை ரோந்து. 1704இல் கரோலினாவில் தொடங்கிய அந்த ரோந்து, தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிக்கவும் அவர்கள் கூடிப் பேசுவதைத் தடுக்கவும் ஏற்பட்டது. அந்த ஊரின் விருப்பத்தை அது சரியாகவே நிறைவேற்றியது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை மாநிலக் காவலரோடு சேர்ந்து அடித்தவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஷெரிஃப் ஜிம் கிளார்க்கின் ஆட்கள். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியலில் கறுப்பின மக்கள் அநேகமாக இல்லை. அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது, ஆயிரக்கணக்கில் கறுப்பின மக்கள் பதிவு செய்துகொண்டார்கள், அடுத்த ஆண்டு 1966இல் ஜிம் கிளார்க் தோற்றார். அமெரிக்கக் காவல் வரலாற்றை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: அது கணக்கில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லும், கணக்கில் சேராதவர்களை வெறும் பணியிடமாகப் பார்க்கும்.

இடையில் இன்னொரு மாற்றம் நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1905இல் பொறுப்பேற்ற ஆகஸ்ட் வால்மர், காவலை ஒரு தொழிற்கல்வியாக மாற்ற முனைந்தார். சைக்கிள், பிறகு கார், அறிவியல் சோதனைக்கூடம், கல்லூரிப் படிப்பு. உள்ளூர் அரசியல்வாதியின் ஏவலாளாக இருந்த காவலரை அதிலிருந்து மீட்கும் நல்லெண்ணம் அதில் இருந்தது. கூடவே ஒரு விளைவும் வந்தது: தெருவில் நடந்த காவலர் காருக்குள் போனார். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் நகரில் முதல் 911 அழைப்பு ஒலித்தது. அதன் பிறகு காவலின் வேலை கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து அழைப்புக்குக் காத்திருந்து விரைவது என்றாயிற்று.

1972–73இல் கன்சாஸ் சிட்டியில் நடந்த ஒரு பரிசோதனை எங்கள் கணினித் துறைக்காரர்களுக்குப் பிடிக்கும். பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்து, ஒன்றில் இரண்டு மூன்று மடங்கு, ஒன்றில் அழைத்தால் மட்டும் வருவது. குற்ற எண்ணிக்கையிலோ மக்களின் பயத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கார்கள் சுற்றுவதால் மட்டும் காவல் நடந்துவிடுவதில்லை என்று காவல் துறையே கண்டுகொண்டது.

1977, எக்ஸிட்டர்

அதற்கு முன்பே நகரங்கள் எரிந்து முடிந்திருந்தன. 1967 ஜூலையில் நியூவார்க்கில் ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கைதுசெய்து அடித்ததில் கிளம்பிய கலவரத்தில் 26 பேர் இறந்தார்கள். அதே மாதம் டிட்ராய்ட்டில், உரிமம் இல்லாத மதுவிடுதி ஒன்றில் நடந்த சோதனையிலிருந்து பற்றியதில் 43 பேர். அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968இல் கொடுத்த அறிக்கை, பல கலவரங்களின் தீப்பொறி காவல் நடவடிக்கைகளிலிருந்து வந்ததையும், கறுப்பினக் குடியிருப்புகளுக்கும் காவலருக்கும் இடையே இருந்த பகையையும் விரிவாகப் பதிவு செய்தது. காவல் மக்களோடு பேச வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்ற காலம் இது.

ஆனால் வகுப்பு என்ற வடிவம் வந்தது இங்கிலாந்திலிருந்து. டெவன்–கார்ன்வால் காவல் துறை 1977இல் எக்ஸிட்டர் நகரில் ‘போலீஸ் நைட் ஸ்கூல்’ தொடங்கியது. மாலை நேரத்தில் பொதுமக்கள் வந்து அமர, காவல் துறை எப்படி இயங்குகிறது என்று அதிகாரிகளே பாடம் எடுத்தார்கள். அப்போது அந்தத் துறையின் தலைவர் ஜான் ஆல்டர்சன். சமூகக் காவல் என்ற கருத்துக்காகப் பிரிட்டனில் அதிகம் வாதாடிய அதிகாரி அவர். 1981இல் பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திச் சோதனையிட்டதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தபோது, ஸ்கார்மன் பிரபுவின் விசாரணைக்கு அவர் தன் கருத்துகளைக் கொடுத்தார். எக்ஸிட்டர் வகுப்பின் மாதிரியை 1985இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ காவல் துறை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து அது நாடெங்கும் பரவியது. 1993இல் எஃப்.பி.ஐ.யும் தன் வகுப்பைத் தொடங்கியது.

1977 என்ற ஆண்டை நாம் வேறு இரண்டு காரணங்களுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஆகஸ்டில் யாழ்ப்பாணக் களியாட்ட விழா ஒன்றில் காவலர்களோடு ஏற்பட்ட மோதல், நாடு தழுவிய தமிழர் எதிர்ப்பு வன்முறையாக வளர்ந்தது. அந்த நவம்பரில் இந்தியா, நெருக்கடி நிலையின் வடு ஆறாத நிலையில், தர்ம வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையத்தை அமைத்தது. ஆணையம் தொகுதி தொகுதியாக அறிக்கைகள் கொடுத்தது. அவை அலமாரியில் தூங்கின. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் பிறப்பித்த பிறகும் மாநிலங்கள் அவற்றை முழு மனதோடு நிறைவேற்றவில்லை. மூன்று நாடுகளும் ஒரே ஆண்டில் ஒரே கேள்வியின் முன் நின்றன. ஒன்று வகுப்பறை திறந்தது, ஒன்று ஆணையம் அமைத்தது, ஒன்று எரிய விட்டது.

யாருடைய கண்ணால்?

வகுப்பில் எல்லோரும் ஆவலோடு காத்திருக்கும் இரவு ஒன்று உண்டு. பெரிய திரைக்கு முன்னால் நம்மை நிறுத்திக் கையில் போலித் துப்பாக்கி கொடுப்பார்கள். திரையில் ஒருவன் சட்டைக்குள் கைவிடுவான். சுடுவதா வேண்டாமா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்ய வேண்டும். எங்கள் குழுவில் பாதிப்பேர் கைபேசி எடுத்தவனைச் சுட்டார்கள். சுடாதவர்களில் சிலர் திரையில் செத்தார்கள். எல்லோரும் வியர்த்துப்போய், காவலரின் வேலை எவ்வளவு கடினம் என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1984இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் நீரிழிவு நோயாளியான டீதோர்ன் கிரேயம், சர்க்கரை அளவு சரியத் தொடங்கியதால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடினார். வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடிவந்தார். அதைப் பார்த்த காவலர் சந்தேகப்பட்டு அவர் போன காரை நிறுத்தினார். விலங்கு மாட்டினார்கள். கால் எலும்பு முறிந்தது. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலே இன்றும் நாடெங்கும் செல்லும்: பலப் பிரயோகம் சரியா என்பதை அந்த இடத்தில் இருந்த ஒரு நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னர் தெரியவந்ததைக் கொண்டு பார்க்கக் கூடாது. திரைக்கு முன்னால் நின்ற அந்த ஒரு மணி நேரம் அந்தக் கண்ணை நமக்குப் பொருத்திப் பழக்குகிறது. நாளை நம்மில் ஒருவர் ஜூரியில் உட்காரும்போது அந்தக் கண் உதவும். கிரேயம் இருந்த காருக்குள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் இயந்திரம் அந்த வகுப்பில் கிடையாது.

நமக்கு அந்த இரண்டாவது இருக்கையும் தெரிந்திருக்க வேண்டும். 2015 பிப்ரவரி 6 அன்று அலபாமாவின் மாடிசன் நகரில், பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குக் குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர் காலையில் நடைபயிற்சிக்குப் போனார். சந்தேகப்படும்படி ஒருவர் நடக்கிறார் என்று அக்கம்பக்கத்திலிருந்து காவல் துறைக்கு அழைப்புப் போனது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கேள்விகளுக்கு விடை சொல்ல முடியவில்லை. ஓர் அதிகாரி அவரைத் தரையில் வீழ்த்தியதில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுப் பகுதி முடக்கம் வந்தது. ரோந்துக் காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மாநில ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் இரண்டு முறை ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி அந்த அதிகாரியை விடுவித்தார்.

நம் வீடுகளுக்கு அம்மா அப்பா ஆறு மாத விசாவில் வருகிறார்கள். மாலையில் தெருவில் நடக்கிறார்கள், நல்ல தோட்டம் இருந்தால் நின்று பார்க்கிறார்கள். காவலர் கூப்பிட்டால் பணிவு காட்ட அருகே போகிறார்கள். ஊரில் போலீஸ்காரர் வண்டியை மறித்தால் இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, அவர் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே காரை விட்டு இறங்குவதே மிரட்டலாகப் பார்க்கப்படும். இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரிய உட்கார்ந்திருக்க வேண்டும். உரிமத்தை எடுப்பதற்கு முன் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வாகனச் சோதனைப் பாடத்தன்று கிடைத்த இந்தச் செய்தி ஒன்றுக்காகவே நம்மவர்கள் அந்த வகுப்புக்குப் போகலாம். நம் பண்பாட்டின் பணிவு அவர்கள் அகராதியில் வேறு பொருள் தருகிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். வந்திருக்கும் தாத்தாவுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கை, காது, கண்

தமிழ்நாட்டிலும் மக்களையும் காவலையும் சேர்க்க ஒரு முயற்சி நடந்தது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். அது மாநிலம் முழுக்கப் பரவிப் பெயரும் பெற்றது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை நடத்திவந்த தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. தொடங்கியவரின் நோக்கம் நல்லது. ஆனால் மேல்நோக்கி மட்டும் பதில் சொல்லும் காவலுக்கு மக்களில் சிலரைக் கையாகச் சேர்த்துவிட்டால், கை நீளுமே தவிர திசை மாறாது.

எக்ஸிட்டரில் பிறந்த வகுப்பு மக்களைக் காதாக்கியது: நாங்கள் சொல்கிறோம், நீங்கள் கேளுங்கள். அதற்குப் பயன் உண்டு. கண்ணாக இருப்பது அடுத்த படி. வால்மர் காவலை நவீனமாக்கிய அதே பெர்க்லியில், 1973இல் மக்கள் வாக்களித்துக் காவல் மறுஆய்வு ஆணையத்தை ஏற்படுத்தினார்கள். காவலர் அல்லாதவர்கள் புகார்களை விசாரிக்கும் அமைப்பு. எல்லா ஊரிலும் அது எளிதில் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் அத்தகைய ஏற்பாட்டை 1966இல் மக்கள் வாக்கெடுப்பிலேயே தோற்கடித்தார்கள். இப்போது பல நகரங்களில் ஏதோ ஒரு வடிவில் உண்டு. பல இடங்களில் உறுப்பினர் இருக்கைகள் ஆளில்லாமல் கிடக்கின்றன.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. நகர மன்றக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை; கிரீன் கார்டுக்காக வரிசையில் நிற்பவரும் ஊர்வாசிதான். ஆண்டுக்கொரு முறை வரவுசெலவுத் திட்டம் விவாதத்துக்கு வருகிறது. சராசரிப் புறநகரின் செலவில் பெரிய பங்கு காவலுக்குப் போகிறது. மொழி தெரியாதவரை நிறுத்தும்போது என்ன நடைமுறை, மொழிபெயர்ப்புத் தொலைபேசி ரோந்துக் காரில் இருக்கிறதா, உடல் கேமராப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், பலப் பிரயோக எண்ணிக்கை எங்கே வெளியிடப்படுகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தேவையான சொற்களை அந்தப் பன்னிரண்டு வாரங்கள் எனக்குக் கொடுத்தன. கேட்டால் பதில் சொல்லும் கடமை இங்கே அவர்களுக்கு இருக்கிறது. கிட்டியைப் பற்றி முறையிட மதராஸுக்கு நடந்த அந்த உழவர்களுக்கு அப்படி ஒரு கூட்டமும் இல்லை, மூன்று நிமிட மைக்கும் இல்லை. நடந்து போய்ச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் அறிக்கையில் அந்த இரண்டு சொற்களும் ஏறின.

மூன்றாவது வாசற்படியை மிதிக்காமல் வாழ வேண்டும் என்று நம்மை வாழ்த்தியவர்கள் தங்கள் காலத்துக்குச் சரியாகத்தான் வாழ்த்தினார்கள். அவர்கள் பார்த்த படிக்கட்டு மேலே மட்டும் போயிற்று. இந்த ஊர்ப் படிக்கட்டு கீழ்நோக்கியும் இறங்குகிறது. கீழே யாரும் நிற்காவிட்டால் அதுவும் மேல்நோக்கியதாகவே இருந்துவிடும்.